மலிவு எஸ்டிஆர் டாங்கிள்: கோளாறா, எல்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

எஸ்டிஆர் டாங்கிள் என்பது யூஎஸ்பி துளையில் செருகும் சிறு அலைவாங்கி; வானொலியின் மீதி வேலையைக் கணினியின் மென்பொருள் செய்யும். "டாங்கிள் பழுதாகிவிட்டது" என்று என் மேசைக்கு வருபவற்றில் உண்மையிலேயே பழுதானவை அரிது. டிரைவர் தவறாக இருக்கும், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உச்சத்தில் இருக்கும், அல்லது ஆன்டெனா தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வகையும் உண்டு. கருவி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அலையை எண்ணாக மாற்றும் அதன் 8 பிட்டுகளால் தர முடியாத ஒன்றை அதனிடம் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வடிகட்டி, பெருக்கி, புது ஆன்டெனா என்று வாங்கிக் குவிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் காசு கரையும் இடம்.

கீழே உள்ளவை ஆர்டிஎல்2832யூ சில்லு கொண்ட டாங்கிள்களுக்கானவை. தொலைக்காட்சி பார்க்கச் செய்த இந்தச் சில்லைப் பொது அலைவாங்கியாகப் பயன்படுத்தலாம் என்று 2012-இல் தெரியவந்த பிறகு வந்த மலிவு மாதிரிகள் பெரும்பாலும் இதே குடும்பம். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், செலவானது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் உங்கள் பகுதியில் வலுவாகக் கேட்கும் ஒரு எஃப்எம் வானொலி நிலையத்துக்குத் திருப்புங்கள். அகல எஃப்எம் முறையில் தெளிவாகக் கேட்டால் டாங்கிள், டிரைவர், மென்பொருள் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. அடுத்து, ஆர்டிஎல்_டெஸ்ட் (rtl_test) என்ற கட்டளையை ஓட்டினால் உள்ளே அலைவரிசையைப் பிடிக்கும் சில்லான டியூனரின் பெயரைச் சொல்லும். ஆர்820டி அல்லது ஆர்820டி2 என்றால் ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை. இ4000 என்றால் 52 முதல் 2200 வரை, நடுவே 1100-க்கும் 1250-க்கும் இடையில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தால் கோளாறு தேடும் வேலை இங்கேயே முடிந்தது.

## கணினிக்கு டாங்கிள் இருப்பதே தெரியவில்லை

சாதனப் பட்டியலில் எதுவுமே வரவில்லை. ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியின் பின்புறத் துளையில் செருகுங்கள். நீட்டிப்புக் கேபிள் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வேறொரு கணினியிலும் தெரியவில்லையென்றால் செருகியை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது வந்து போனால் பற்றவைப்பு விட்டிருக்கிறது. கைபேசி பழுதுபார்ப்பவர் யாரும் அதைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். அசைத்தும் சலனமில்லை, தொட்டால் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்றால் சில்லு போய்விட்டது. பழுதுபார்க்கும் கூலியைவிடப் புது டாங்கிள் லாபம்.

பட்டியலில் இருக்கிறது, மென்பொருள் இல்லை என்கிறது, விண்டோஸ். விண்டோஸ் தானாகவே தொலைக்காட்சி டிரைவரைப் போட்டுவிடும். ஸாடிக் என்ற சிறு மென்பொருளில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லி, பல்க்-இன் என்று தொடங்கும் இடைமுகம் 0-ஐத் தேர்ந்தெடுத்து, வின்யூஎஸ்பி டிரைவரை நிறுவுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் விசைப்பலகையும் மவுஸும் இருக்கும். கவனக்குறைவாக அவற்றுக்கு டிரைவர் மாற்றிவிட்டால் அடுத்த அரை மணி நேரம் வேறு விதமாகக் கழியும். டாங்கிளை வேறு துளைக்கு மாற்றும்போது சில கணினிகளில் இதை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

லினக்ஸ். பிழை எண்ணைப் பாருங்கள். -6 என்றால் வேறு ஏதோ ஒன்று சாதனத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் கெர்னலின் தொலைக்காட்சித் தொகுதிதான் அது. டிவிபி_யூஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யூ (dvb_usb_rtl28xxu) என்ற அந்தத் தொகுதியைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். -3 என்றால் அனுமதிச் சிக்கல். நிர்வாகி உரிமையுடன் ஓட்டும்போது வேலை செய்தால் அதுதான் காரணம் என்பது உறுதி. சாதன அனுமதிகளைச் சொல்லும் யூடெவ் விதிக் கோப்பைச் சேர்த்தால் தீரும்.

நேற்று வேலை செய்தது, இன்று திறக்க மறுக்கிறது. டாங்கிளை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். விமானக் கண்காணிப்புக்காக என்றோ நிறுவிய டம்ப்1090 பின்னணியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

திறக்கிறது, ஆனால் செவிடாக இருக்கிறது அல்லது தப்பான இடத்தில் நிலையங்கள் வருகின்றன. டாங்கிள் ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி4 வகையா என்று பாருங்கள். ஆர்828டி டியூனரும் உள்ளமைந்த மேல்மாற்றியும் (தாழ்ந்த அலைவரிசையை உயர்த்தித் தரும் பகுதி) கொண்ட இந்த வகைக்கு அதற்கென மாற்றிய டிரைவர் வேண்டும். பழைய டிரைவர் அதைத் திறந்துவிடும், ஆனால் சரியாக ஓட்டத் தெரியாது. மென்பொருளைப் புதுப்பித்த பிறகும் இப்படியென்றால், பழைய டிரைவர் கோப்பு வேறு ஏதோ அடைவில் ஒளிந்திருக்கிறது.

## திறக்கிறது, ஓடுகிறது. ஆனால் எங்கும் ஒன்றுமில்லை

முதலில் கெயின். பல மென்பொருள்கள் முதல்முறை திறக்கும்போது டியூனர் கெயினைச் சுழியத்தில் வைத்திருக்கும். அதை நடுவில், 25 டெசிபெல் அளவுக்கு, கொண்டுவாருங்கள்.

அடுத்து ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நிறமாலையின் (அலைவரிசைவாரியாகச் சிக்னல் வலுவைக் காட்டும் வரைபடம்) அடித்தரையை, அதாவது சிக்னல் இல்லாத இடத்து இரைச்சல் மட்டத்தை, பாருங்கள். பிறகு மாட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் துளி வித்தியாசமில்லை என்றால் சிக்னல் உள்ளே போகவே இல்லை. ஆன்டெனாவைத் திருகும் எஸ்எம்ஏ இணைப்பியில் ஒரு பொறி உண்டு. அருகலை (வைஃபை) ஆன்டெனாக்களில் வரும் ஆர்பி-எஸ்எம்ஏ இணைப்பி திருகினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் நடு ஊசி இருக்க வேண்டிய இடத்தில் இருபுறமும் துளைதான் இருக்கும். சில டாங்கிள்களில் இருக்கும் குட்டி எம்சிஎக்ஸ் இணைப்பி அழுத்தத்தால் தளர்ந்துபோகும். 75 ஓம் கேபிளை 50 ஓம் கருவியில் மாட்டியதுதான் காரணமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த இழப்பு கால் டெசிபெல்லுக்கும் குறைவு, மறந்துவிடுங்கள்.

வரிசையில் பெருக்கி ஏதாவது இருந்தால் அதற்கு மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். மின்சாரம் இல்லாத பெருக்கி சிக்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆன்டெனாக் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் டாங்கிளின் பயஸ்-டீ வழியாக அது இயங்குகிறதென்றால், மென்பொருளில் அந்தத் தேர்வு இயக்கத்தில் இருக்க வேண்டும். தலைகீழ் எச்சரிக்கையும் உண்டு. நேர்மின்னோட்டத்துக்குக் குறுக்குச்சுற்றாக அமைந்த ஆன்டெனாக்களில் பயஸ்-டீயை இயக்காதீர்கள்.

இவை எல்லாம் சரி, வலுவான எஃப்எம் நிலையம்கூட மங்கலாக, முணுமுணுப்பாகத்தான் வருகிறது என்றால், முன்முனை (சிக்னலை முதலில் வாங்கும் சுற்று) எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். இடி மின்னல் பக்கத்தில் விழுந்த பிறகோ, கையில் வைத்துப் பேசும் வானொலியை ஆன்டெனாவுக்கு அருகில் அழுத்திய பிறகோ இது தொடங்கியிருக்கும். சீர்செய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

## எங்கு திருப்பினாலும் எஃப்எம் வானொலி கேட்கிறது

இந்தக் கட்டுரையின் பாதி இந்தத் தலைப்புக்காகவே எழுதப்பட்டது. விமான அலைவரிசையில் திரைப்பாடல், 150 மெகாஹெர்ட்ஸில் செய்தி அறிக்கை, வாட்டர்ஃபால் (நிறமாலை நேரப்போக்கில் ஓடும் காட்சி) முழுக்க ஒரே மாதிரிப் பட்டைகள், திடீரென்று ஒட்டுமொத்தத் தரையும் மேலெழும்பி இறங்குவது எல்லாம் ஒரே நோய். பக்கத்தில் இருக்கும் ஒரு வலுவான ஒலிபரப்பு டியூனரை மூழ்கடிக்கிறது. மூழ்கிய டியூனர் இல்லாத சிக்னல்களைத் தானே உருவாக்கிக் காட்டுகிறது.

பேயா, நிஜமா? கெயினை இரண்டு மூன்று படி குறையுங்கள். நிஜமான சிக்னல் அதே அளவுக்குத்தான் தாழும். பேய் சிக்னல் மடமடவென்று விழுந்து காணாமல் போகும். ஆன்டெனா வழியில் 10 டெசிபெல் தணிப்பி ஒன்றைச் செருகிப் பார்த்தால் இன்னும் துல்லியம். நிஜம் 10 டெசிபெல் குறையும், டியூனருக்குள் வலுவான சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து, அதாவது மூன்றாம் படி இடைக்கலப்பால், பிறந்தது 30 டெசிபெல் குறையும்.

செலவில்லாத தீர்வு. டியூனரின் தானியங்கி கெயினை அணைத்துவிடுங்கள். ஆர்டிஎல் ஏஜிசி என்று தனியாக இருக்கும் தேர்வையும் அணையுங்கள். அது சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே உயர்த்துகிறது, அதனால் பயன் குறைவு. பிறகு கெயினைச் சுழியத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஆர்820டி2-இல் உச்சம் 49.6 டெசிபெல். நீங்கள் கேட்க விரும்பும் சிக்னலுக்கும் இரைச்சல் தரைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் கவனியுங்கள், சிக்னலின் உயரத்தை அல்ல. ஒரு கட்டத்தில் கெயினை ஏற்றியும் இடைவெளி வளராது, அதற்கு மேல் குறையத் தொடங்கும். அங்கிருந்து ஒரு படி கீழே வாருங்கள். அந்த இடம் ஒவ்வொரு அலைவரிசைக்கும் வேறு, ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் வேறு. உச்ச கெயின்தான் நல்ல வரவேற்பு என்ற நம்பிக்கையை விட மறுப்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு கசந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது தந்திரம். வலுவான நிலையம் திரையின் ஓரத்தில் இருந்தால், மைய அலைவரிசையை மறுபக்கமாக நகர்த்தி அதைச் சாளரத்துக்கு வெளியே தள்ளுங்கள். டியூனரின் உள்வடிகட்டி ஓரளவு உதவும். எல்லாச் சமயமும் போதாது.

காசு செலவழிக்கும் இடம். மேலே சொன்னதை எல்லாம் செய்து, பேய் போகும் அளவுக்குக் கெயினைக் குறைத்தால் நீங்கள் தேடும் சிக்னலும் சேர்ந்து போய்விடுகிறது என்றால், 88–108-ஐத் தடுக்கும் எஃப்எம் தடுப்பு வடிகட்டி வாங்கலாம். டாங்கிளுக்கு வாங்கும் உதிரிகளில் கொடுத்த காசுக்கு நிச்சயம் பலன் தருவது இதுதான். ஆனால் மூழ்கடிப்பது எஃப்எம் நிலையமாக இல்லாமல் கைபேசிக் கோபுரமாகவோ பேஜர் கோபுரமாகவோ இருந்தால் இந்த வடிகட்டி ஒன்றும் செய்யாது. எது மூழ்கடிக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்குரியதை வாங்குங்கள்.

இது கோளாறல்ல, எல்லை. 8 பிட் மாற்றிக்கு 256 படிகள்தான். வலுவானதற்கும் மெல்லியதற்கும் ஏறத்தாழ 50 டெசிபெல் வித்தியாசம் வரை அது தாங்கும். நீங்கள் தேடும் முனகலும் பக்கத்து ஒலிபரப்பின் கூச்சலும் ஒரே 2.4 மெகாஹெர்ட்ஸ் சாளரத்துக்குள் இருந்தால், எந்த அமைப்பும் அதைக் காப்பாற்றாது. பெருக்கி வாங்கி மாட்டினால் நிலைமை மோசமாகும்.

## ஒலி விட்டுவிட்டு வருகிறது, கிளிக் கிளிக் என்கிறது

மாதிரி வேகத்தைப் பாருங்கள். ஆர்டிஎல்2832யூ விநாடிக்கு 32 லட்சம் மாதிரிகள் வரை தருவதாகச் சொல்லும், ஆனால் அந்த வேகத்தில் வழியில் சிந்திவிடும். 24 லட்சம் நம்பகமானது. இன்னும் சிந்தினால் சுமார் 10 லட்சத்துக்கு இறக்குங்கள். இடையில் 3 லட்சத்துக்கும் 9 லட்சத்துக்கும் நடுவே எந்த வேகத்தையும் சில்லு ஏற்காது. அந்த எண்ணைக் கொடுத்துவிட்டு "ஓடவில்லை" என்று தவிப்பவர்கள் உண்டு.

ஆர்டிஎல்_டெஸ்ட்டைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் எத்தனை பைட்டுகள் தொலைந்தன என்று சொல்லும். தொடக்கத்தில் கொஞ்சம் தொலைவது இயல்பு, தொடர்ந்து தொலைந்தால்தான் சிக்கல். அங்கே எதுவும் தொலையாமல் மென்பொருளில் மட்டும் விட்டுவிட்டு வந்தால், கணினிதான் திணறுகிறது. நிறமாலைத் துல்லியத்தையும் வாட்டர்ஃபால் வேகத்தையும் குறையுங்கள். சிறு பலகைக் கணினிகளில் மின்வழங்கி போதாமையும் இதே அறிகுறியைத் தரும்.

டாங்கிளை வேறு அறையில் வைத்து ஆர்டிஎல்_டிசிபி மூலம் அருகலையில் அனுப்புகிறீர்களா? 24 லட்சம் மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆக விநாடிக்கு 4.8 மெகாபைட் இடைவிடாமல் ஓட வேண்டும். சுவர் தாண்டிய அருகலையில் அது தடுமாறும். கம்பி இழுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

## நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை

டாங்கிளின் அலைவரிசை அளவுகோலான படிகத்தின் பிழை. மலிவு டாங்கிளின் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துக்குப் பல பத்துப் பங்கு, அதாவது பல பத்து பிபிஎம், தள்ளி நிற்பது சாதாரணம். 50 பிபிஎம் என்றால் 100 மெகாஹெர்ட்ஸில் 5 கிலோஹெர்ட்ஸ். அகல எஃப்எம்மில் அது தெரியவே தெரியாது. 430 மெகாஹெர்ட்ஸில் அதே பிழை 21.5 கிலோஹெர்ட்ஸ். அங்கே குறும்பட்டைப் பேச்சுக்கான 12.5 கிலோஹெர்ட்ஸ் வாய்க்கால் முழுவதுமாகத் தவறிப்போகும்.

டாங்கிளைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற விடுங்கள். அதற்கு முன் அளந்தால் அளந்தது வீண். பிறகு அலைவரிசை நிச்சயமாகத் தெரிந்த, தொடர்ந்து ஒலிபரப்பும் குறும்பட்டைச் சிக்னல் ஒன்றை வைத்து மென்பொருளின் பிபிஎம் திருத்தத்தைச் சரிசெய்யுங்கள். கேலிபிரேட்-ஆர்டிஎல் என்ற மென்பொருள் இந்த வேலையை ஜிஎஸ்எம் கோபுரங்களை வைத்துத் தானே செய்யும். இரண்டாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்ட இடங்களில் அது எதையும் கண்டுபிடிக்காது. அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு பிரித்தறியும் சோதனை. பிழை அலைவரிசையோடு சேர்ந்து வளர்கிறதா? 100-இல் 3 கிலோஹெர்ட்ஸ், 400-இல் 12 என்றால் படிகம். இரண்டிலும் அதே 3 என்றால் படிகத்தைக் குறைசொல்லாதீர்கள், மென்பொருளில் ஏதோ இடப்பெயர்ச்சி எண் பதிந்திருக்கிறது.

திருத்திய பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தால், மின்விசிறிக் காற்று டாங்கிள் மேல் நேராக அடிக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வெப்ப மாற்றத்துக்கு ஈடுசெய்யும் படிகமான டிசிஎக்ஸ்ஓ கொண்ட டாங்கிளுக்கு மாறுவதே வழி. அவற்றில் பிழை 1 பிபிஎம் அளவில் நிற்கும்.

## வாட்டர்ஃபாலில் அசையாத கோடுகள்

ஆன்டெனாவைக் கழற்றுங்கள். கோடு அப்படியே இருந்தால் அது டாங்கிளின் சொந்தச் சரக்கு. சரியாகத் திரையின் நட்டநடுவில் மட்டும், எங்கு திருப்பினாலும் கூடவே வந்தால், நேர்மாற்ற டியூனர்களுக்கே உரிய மையக் கூர்முனை அது. இ4000-இல் பளிச்சென்று இருக்கும், ஆர்820டி2-இல் பெரும்பாலும் தெரியாது. கேட்க வேண்டியதை மையத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

28.8-இன் மடங்குகளில், அதாவது 57.6, 86.4, 115.2, 144.0 மெகாஹெர்ட்ஸில், கோடு தெரிந்தால் அது படிகத்தின் எதிரொலி. 144.000 அமெச்சூர் 2 மீட்டர் பட்டையின் வாசற்படி என்பதால், அங்கே யாரோ ஓயாமல் ஒலிபரப்புவதாக நம்பி ஆன்டெனாவைத் திசைதிசையாகத் திருப்பிக்கொண்டிருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். உலோகப் பெட்டியில் அடைத்த டாங்கிளில் இவை மெலிந்திருக்கும், முழுதாகப் போகாது.

ஆன்டெனாவைக் கழற்றியதும் கோடு மறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## இரைச்சல் தரை உயர்ந்திருக்கிறது, மெல்லிய சிக்னல் எதுவும் எழவில்லை

இங்கே டாங்கிளை மாற்றுவது வீண். ஆயிரம் மடங்கு விலை உயர்ந்த அலைவாங்கியும் இதே இரைச்சலைத்தான் கேட்கும், இன்னும் துல்லியமாகக் கேட்கும்.

மடிக்கணினியை மின்கலத்தில் ஓடவிட்டு, அதன் மின்வழங்கியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். தரை விழுந்தால் எதிரி கிடைத்துவிட்டார். விழவில்லையென்றால் வீட்டின் மின்சுற்றுகளை ஒவ்வொன்றாக அணையுங்கள், கடைசியில் முதன்மைச் சுவிட்சையும். ஒவ்வொரு முறையும் வாட்டர்ஃபாலைப் பாருங்கள். கோடுகள் சம இடைவெளியில், பாம்புபோல் நெளிந்து நகர்ந்தால் ஏதோ ஒரு ஸ்விட்ச்-மோட் மின்வழங்கி. வழக்கமான குற்றவாளிகள்: கைபேசிச் சார்ஜர், எல்இடி விளக்கு, தொலைக்காட்சி, மின்கம்பி வழியாக இணையம் அனுப்பும் கருவி, சூரியத் தகடுகளின் இன்வெர்ட்டர். சூரிய இன்வெர்ட்டர் என்றால் இருட்டியதும் இரைச்சல் தானே நின்றுவிடும். கருவி ஏதும் இல்லாமல் கண்டுபிடிக்கும் வழி அது.

திரையின் எச்டிஎம்ஐ கேபிளும் சும்மா இருப்பதில்லை. கணினியிலிருந்து டாங்கிளை ஒன்றிரண்டு மீட்டர் நல்ல தரமான நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்து, கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். வளையத்துக்குள் கேபிளை ஒரே முறை நுழைப்பதைவிடப் பல சுற்று சுற்றினால்தான் கீழ் அலைவரிசைகளில் பயன் தெரியும்.

இவற்றுக்குப் பிறகு, ஆன்டெனாவை வீட்டுக்கு வெளியே கொண்டுபோவதுதான் மிச்சம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாச் செலவுகளிலும் இதற்குத்தான் என் ஓட்டு. ஆனால் கூரைமேல் கம்பம் நடும் வேலையில் இரண்டு இடத்தில் நில்லுங்கள். கம்பம் சாய்ந்தால் மின்கம்பி மேல் விழும் தூரத்தில் அதை நடவே கூடாது. இடிதாங்கி, நிலத்தொடுப்பு இரண்டையும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். இடி மின்னல் நேரத்தில் ஆன்டெனாக் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வைப்பது அதற்கு மாற்றல்ல, கூடுதல் காப்பு.

வீட்டில் முதன்மைச் சுவிட்சை அணைத்த பிறகும் இரைச்சல் நிற்கவில்லையா? கையடக்க ஏஎம் வானொலியுடன் தெருவில் நடந்து, எங்கே உரக்கக் கேட்கிறது என்று பாருங்கள். அண்டை வீட்டுக் கருவி என்றால் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். கம்பத்தின் அருகில் உரத்து, மழை பெய்யும்போது குறைந்து, காய்ந்ததும் திரும்பும் பொரிச்சல் ஒலி என்றால், மின்கம்பத்தின் காப்பியிலோ இணைப்பிலோ பொறி பறக்கிறது. கம்ப எண்ணைக் குறித்து மின்வழங்கும் நிறுவனத்தில் புகார் கொடுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்க்கும் சோதனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

## சிற்றலை, மத்திய அலை கேட்கவில்லை

ஆர்820டி2 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. சிற்றலை ஒலிபரப்புகள் ஏறத்தாழ முழுவதும் அதற்குக் கீழேதான். ஆகவே முதல் கேள்வி, உங்கள் டாங்கிளில் கீழே இறங்க வழி இருக்கிறதா என்பது.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி3 வகையில் நேரடி மாதிரி எடுப்பு இருக்கிறது. மென்பொருளில் சில்லின் ஐ, கியூ என்ற இரண்டு உள்ளீடுகளில் கியூ கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐ கிளையைத் தேர்ந்தால் வெறும் இரைச்சல்தான். இந்த முறையில் டியூனர் முழுவதும் ஒதுக்கப்படுவதால் கெயின் பொத்தானுக்கு வேலை இல்லை. "கெயின் ஏற்றியும் மாறவில்லை" என்பது இங்கே புகாராகாது. ஒரே நிலையம் இரண்டு இடத்தில் வந்தால், இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 28.8 என்றால் ஒன்று மற்றொன்றின் நிழல். 10 மெகாஹெர்ட்ஸ் நிலையம் 18.8-இலும் தோன்றும். 14.4-க்கு மேல் நம்பிக்கையோடு கேட்க வடிகட்டியோ மேல்மாற்றியோ வேண்டும். தனி மேல்மாற்றி பயன்படுத்தினால் அதன் இடப்பெயர்ச்சி எண்ணை, பெரும்பாலும் 125 மெகாஹெர்ட்ஸ், மென்பொருளில் கழிக்க மறக்காதீர்கள்.

வழி இருந்தும் கேட்கவில்லையென்றால் ஆன்டெனா. பெட்டியோடு வந்த இழுகம்பி இங்கே உதவாது. பத்து மீட்டர் கம்பியை வெளியே கட்டி, 9:1 மின்மாற்றி வழியாக இணைத்துப் பாருங்கள். நேரத்தையும் கவனியுங்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பட்டைகள் இரவுக்கானவை, மேலே உள்ளவை பகலுக்கானவை. நண்பகலில் 6 மெகாஹெர்ட்ஸில் தொலைதூர நிலையத்தைத் தேடினால் கிடைக்காது.

## விமானங்கள் சில மட்டுமே தெரிகின்றன

விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸ் நேர்ப்பார்வை அலை. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் தடையற்ற வெளியில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வரை எட்டும். சன்னல் ஒன்று வழியாகப் பார்க்கும் ஆன்டெனா அந்தச் சன்னல் காட்டும் வானத்தைத்தான் காட்டும். வரைபடத்தில் விமானங்கள் ஒரு பக்கம் மட்டும் குவிந்திருந்தால் காரணம் இதுதான்.

கம்பியின் நீளத்தைப் பாருங்கள். கால் அலை 6.9 சென்டிமீட்டர். பெட்டியோடு வந்த இழுகம்பியை முழுதும் நீட்டி வைத்திருப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. அடுத்தது கேபிள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 10 மீட்டர் ஓடினால் இந்த அலைவரிசையில் பாதிக்கும் மேலான ஆற்றல் வழியிலேயே கரையும். டாங்கிளையே ஆன்டெனாவுக்கு அருகில் வைத்து யூஎஸ்பியையோ வலைப்பின்னலையோ நீட்டுவது மேல். அது முடியாதென்றால் 1090-க்கான வடிகட்டியோடு சேர்ந்த பெருக்கியை ஆன்டெனாவின் காலடியில் வையுங்கள். கணினியின் பக்கத்தில் வைத்தால் கேபிள் தின்றது திரும்பி வராது.

## சிக்னல் நன்றாகத் தெரிகிறது, பேச்சு புரியவில்லை

பண்பேற்ற முறையைச் சரிபாருங்கள். ஒலிபரப்பு அகல எஃப்எம், கைவானொலிகள் குறும்பட்டை எஃப்எம், 118–137-இல் விமானப் பேச்சு ஏஎம். அகல எஃப்எம்மில் வைத்துக் கைவானொலியைக் கேட்டால் அடியாழத்தில் பேசுவதுபோல் மெல்லியதாக வரும். ஒற்றைப் பக்கப்பட்டையில் வாத்துக் குரல் என்றால், மேல் கீழை மாற்றுங்கள்.

இடைவிடாத கரகரப்பு, ஆனால் நிறமாலையில் அழகான பெட்டி வடிவம் என்றால் அது இலக்கமுறைப் பேச்சு. டிஎம்ஆர், பி25 போன்றவற்றுக்குத் தனி மென்பொருள் வேண்டும். மறைகுறியாக்கம் செய்திருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த அலைவாங்கியாலும் அது திறக்காது. திறந்த பேச்சைக் கேட்பதற்கும் பல நாடுகளில் சட்ட வரம்பு உண்டு, உங்கள் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## செயற்கைக்கோள் படம் வரவில்லை

பழைய வழிகாட்டியைப் படித்து அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான நோவா 15, 18, 19-ஐத் தேடுகிறீர்களென்றால் தேட வேண்டாம். மூன்றும் 2025-இல் பணியிலிருந்து நிறுத்தப்பட்டன. 137 மெகாஹெர்ட்ஸில் ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசைச் செயற்கைக்கோள்கள் 137.1, 137.9-இல் இலக்கமுறைப் படம் அனுப்புகின்றன. நோவாவுக்கான பழைய மென்பொருள் அதைப் படிக்காது, சாட்டம்ப் என்ற மென்பொருள் படிக்கும்.

சிக்னல் வந்து படம் வராவிட்டால் ஆன்டெனாவை மாற்றுங்கள். தலா 53 சென்டிமீட்டர் நீளத்தில் இரு கைகள், இடையில் 120 பாகைக் கோணம், தரைக்குக் கிடையாக, வடக்கு-தெற்காக. திறந்த வானம் வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

## அரை மணி நேரம் ஓடிய பிறகு செவிடாகிறது

1.5 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும், சூடேறிய பிறகு மட்டும் இப்படி என்றால், டியூனரில் அலைவரிசையைப் பிடித்து நிறுத்தும் பிஎல்எல் சுற்றின் பூட்டு விடுபடுகிறது. திரையில் அதற்கான எச்சரிக்கையும் ஓடும். குளிர்ந்ததும் சரியாகிவிட்டால் சந்தேகமே இல்லை. பிளாஸ்டிக் பெட்டி டாங்கிளென்றால் திறந்து, சில்லின் மேல் வெப்பத்திண்டு வைத்து உலோகத்தோடு ஒட்டுங்கள், அல்லது சிறு விசிறி. கீழ் அலைவரிசைகளில் டாங்கிள் கைசுடும் அளவுக்குச் சூடானாலும் வேலை செய்தால் விட்டுவிடுங்கள். அது அதன் சுபாவம்.

## எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஆனாலும் போதவில்லை

இப்போதுதான் வேறு அலைவாங்கியைப் பற்றிப் பேச வேண்டும். வலுவான நிலையங்களுக்கு நடுவில் மெல்லியதைக் கேட்பதுதான் தேவை என்றால் அதிக பிட் வேண்டும். 12 பிட் மாற்றி கொண்ட ஏர்ஸ்பை ஆர்2, 14 பிட் கொண்ட ஆர்எஸ்பி வரிசை போன்றவை அதற்கானவை. ஒரே பார்வையில் அகலமாகப் பார்ப்பதோ 6 கிகாஹெர்ட்ஸ் வரை போவதோ தேவை என்றால் ஹேக்ஆர்எஃப் ஒன். விலை பல மடங்கு என்பதால் அது மெல்லிய சிக்னலையும் நன்றாகக் கேட்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். அதுவும் 8 பிட்தான். சிற்றலை மட்டும் போதுமென்றால் சிற்றலைக்கென்றே செய்த அலைவாங்கி, அதற்கும் முன் வெளியே ஒரு கம்பி.

பழைய டாங்கிளை விற்றுவிட வேண்டாம். 1090-க்கான கம்பியை மாட்டிச் சிறு பலகைக் கணினியில் செருகிவிட்டால் விமானங்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கும். அந்த வேலைக்கு 8 பிட் தாராளம்.